ஊற்று சிவந்த நாள்

கண்ணாயி இறக்கி வைத்த குடத்துக்குள் அத்தாயி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் செங்கல்லைக் கரைத்ததுபோல் இருந்தது.

"ஏனுங்க அத்தே, இது எங்க மொண்டது?"

"நம்ம ஊத்துலதான். ரெண்டு நாளா விடாத மழை, கலங்கிக் கெடக்குது. எங்கண்ணனுக்கு ஊத்தத்தான, வடிகட்டிக்கலாம் வா."

கண்ணாயியின் அண்ணன் சித்தன், அத்தாயிக்கு மாமனார். விடியும் நேரத்தில் மூச்சுத் திணறி, இளைய மகன் பொன்னுவேலின் மடியிலேயே போய்விட்டார்.

வீட்டுக்கு மேலே பலாமரத்தடியில் கசியும் அந்த ஊற்று எந்த அடைமழையிலும் கலங்கியதில்லை. காலையில் பின்கதவு நிலையில் சிக்கிக்கொண்டு திறக்க மாட்டேனென்றது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றார்கள் ஆண்கள். அத்தாயியும் அதை நம்பப் பார்த்தாள். குடத்தைப் பார்த்த பிறகு நம்ப முடியவில்லை.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி. அதற்கு முந்தின வருஷம் சேர்வராயன் மலைச் சரிவுகளை ஆராய ஒரு கூட்டம் ஜீப்பில் வந்து கரடியூர்ப் பக்கம் தங்கியிருந்தது. எந்தப் பாறைமேல் எவ்வளவு மண் நிற்கிறது, எந்த மரத்து வேர் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதினார்கள். மண் மூட்டை சுமக்கப் போன சித்தனுக்கு அதில் மீனாட்சி என்ற பெண்ணோடு நல்ல ஒட்டுதல். ஒருநாள் களி தின்ன வீட்டுக்கு வந்தவள், பின்னால் மேட்டில் ஓடிய வெடிப்பைப் பார்த்துவிட்டு, அதற்குள் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்தாள்.

"மேல காட்டை வெட்டிட்டாங்க. மண்ணைப் பிடிச்சுக்க வேர் இல்லை" என்று அத்தாயியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "கதவு சிக்கினா, ஊத்துத் தண்ணி சிவந்தா, ஒரு சாமானும் எடுக்காதீங்க. பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய போயிடுங்க."

அத்தாயி போய்ச் சொன்னதும் சித்தன் சிரித்தார். "ஊருக்குள்ள மூச்சு உடாத கண்ணு. தெரிஞ்சா எடத்தைக் காலி பண்ணும்பாங்க. எங்கப்பன் காலத்துல இருந்து இந்த மேடு இப்பிடித்தான் நிக்குது."

இன்று அவர் கட்டிலில் நீட்டிக் கிடந்தார். மழைக்கு ஒதுங்கி ஊரே வீட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. பின்சுவரில் சாய்ந்திருந்த ஒருத்தியின் மடியில் அத்தாயியின் மகள் ஆராயி தூங்கினாள். ஒப்பாரி ஓய்ந்து பெண்கள் மூச்சு வாங்கிய போதெல்லாம் அத்தாயி சுவரையே உற்றுக் கேட்டாள். மகளை வெடுக்கென்று வாரி எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற கணவன் பொன்னுவேலிடம் போனாள்.

"ஏனுங்க, மாமனை இப்பவே வெளிய எடுங்க. எஸ்டேட்டுக் களத்துக் கொட்டாயில வெச்சுக்கலாம். மேடு எறங்குது."

"அண்ணன் சேலத்துல இருந்து வந்துட்டிருக்குது. அது வர்றதுக்குள்ள ஊட்டை உட்டு எடுக்கறதா? உனக்குப் புத்தி கித்தி பெரண்டுருச்சா?"

"மீனாட்சியம்மா சொன்னாங்க. கதவு சிக்கும், தண்ணி செவக்கும்னு. ரெண்டும் ஆயிப்போச்சுங்க."

"அந்தம்மா சொல்லி ஒரு வருசமாச்சு. மழைன்னா கலங்காதா?"

ஊர்ப் பெரியவர் மாதையன் தலையாட்டினார். "மூத்தவன் மொகம் பாக்காம எடுத்தா குத்தம் அம்மிணி. போயி உள்ள உக்காரு."

அவள் உட்காரவில்லை. மகளைக் கண்ணாயியின் கையில் திணித்துவிட்டு உள்ளே போய், கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துத் தனியாகத் தூக்கினாள். சித்தனின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. "அய்யோ, பொம்பள தூக்கறாளே!" என்று யாரோ அலறினார்கள். இன்னும் ஓர் அடி இழுத்தாள்.

பொன்னுவேல் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தான். அவமானமோ பயமோ, அவன் முகத்தில் எது என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் இன்னும் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். பிணம் வெளியேறிய வீட்டில் யார் தங்குவார்கள்? ஒவ்வொருவராக எல்லோரும் கட்டிலின் பின்னால் நனைந்துகொண்டு இறங்கினார்கள்.

மூத்தவன் அங்கப்பன் மத்தியானம்தான் வந்து சேர்ந்தான். கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம். மிச்சத் தூரத்தை நடந்தே ஏறியிருந்தான். கொட்டகையில் கிடந்த தகப்பனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஊடு வாசல் இல்லாத பொணமாட்டம் களத்துல போட்டு வெச்சிருக்கீங்களேடா!"

விஷயத்தைச் சொன்னதும் விருட்டென்று மேட்டில் ஏறினான். "போவாதீங்க!" என்று அத்தாயி கத்தியது மழையில் அமுங்கிப்போனது. அவன் வீட்டுக்குள் நுழைந்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"ஊடு நின்னுட்டுத்தான் இருக்குது" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதன்பின் அவளிடம் யாரும் பேசவில்லை. குழியில் ஊறிய தண்ணீரை இறைத்து இறைத்து, சாயங்காலத்துக்குள் சித்தனை அடக்கம் செய்தார்கள். திரும்பி வந்ததும் மாதையன் சொன்னார், "உசுரு போன எடத்துல வெளக்கு வெக்கோணும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மருமகள் ஏற்ற வேண்டிய விளக்கு. பொன்னுவேல் மகளைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான். அகலையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு அத்தாயி நடந்தாள்.

வீட்டுக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. கட்டில் கிடந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதல் குச்சி நமுத்துப்போனது. இரண்டாவது பற்றியது. திரி பிடித்த அந்த நொடியில், சுவருக்குப் பின்னால் முறத்தில் அரிசி சரிவதைப்போல மண் உதிரும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி, இன்னும் கொஞ்சம் நீளமாக. சுடரைச் சுற்றிக் கையைக் குவித்தபடி அப்படியே இருந்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. அங்கப்பன். எதற்காகப் பின்னாலேயே வந்தான் என்று தெரியவில்லை. அவனும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். சத்தம் மூன்றாம் முறை வந்து, நிற்காமல் தொடர்ந்தது.

அவன் உள்ளே வந்து குனிந்து விளக்கை எடுத்தான். தலைத்துண்டை உருவி மழை படாமல் மறைத்துக்கொண்டு களத்தை நோக்கி வெளியே இறங்கினான். சுடர் அணையாமலிருக்க மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. அத்தாயி அவன் பின்னாலேயே, அதேபோல மெதுவாக நடந்தாள்.