டொக்டர்மாரின் அப்புக்காத்து

இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கிய அம்பலவாணர், கொழும்பில் டொக்டர்மாருக்காக மட்டுமே வாதாடிக் காலம் கழித்தவர். நோயாளி செத்தாலும் டொக்டரைச் சாக விடமாட்டார் என்று சக அப்புக்காத்துமார் பகிடி பண்ணுவார்கள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடும் புத்தகங்களும் எரிந்தன. பிறந்த தீவூரான நாரந்தனைக்குத் திரும்பியவரை ஊர்காவற்றுறைக் கோட்டில் நீதிபதியாக இருத்தினார்கள். பெரிய பதவிதான். அவருக்கோ வேலிச் சண்டையும் ஆடு மேய்ந்த வழக்கும் கேட்டுக் கேட்டு எலும்பெல்லாம் அலுப்பு.

அப்போதுதான் றோசம்மா ஒரு டொக்டர்மேல் போட்ட வழக்கு வந்தது. அவள் புருஷன் சில்வெஸ்ரர் நெடுந்தீவுக் கடற்றொழிலாளி. வயிற்றுக் குத்தென்று தீவுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்தவனை, டொக்டர் "இனி ஏலாது, வீட்டை கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தத் தீவாரும் ஆஸ்பத்திரியில் நிற்கமாட்டார்கள். பிணத்தை ஏற்ற வள்ளக்காரர் சம்மதிக்கமாட்டார்கள். மூச்சிருக்கும்போதே கடல் தாண்டவேண்டும். வீட்டுக்குப் போன அன்றே சில்வெஸ்ரர் இறந்தான். குடல்வால் வெடித்த சாவு என்று பிரேத பரிசோதனை சொன்னது.

"நீதான் தூக்கியந்து சாகக் குடுத்தனி" என்ற மாமி அல்போன்சம்மா, அதன்பிறகு அவள் முகத்தில் விழிக்கவில்லை. றோசம்மாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தச் சாவு தன் தலையில் இல்லை என்று ஒரு நீதிபதி சொல்லவேண்டும்.

டொக்டரின் அப்புக்காத்து இராசநாயகம் எழுந்தார்.

"ஒருவரும் அவர்களைப் பிடித்துத் தள்ளவில்லை. தாங்களாகவே போனார்கள். நீங்கள் கொழும்பில் வென்ற அதே வாதம்தான், கனம் நீதிபதி அவர்களே."

அம்பலவாணருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டொக்டர் கைவிட்டால் சனம் வேறென்ன செய்யும்? தீவில் பிறந்தவருக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டேதான் அத்தனை வழக்கும் வென்றிருக்கிறார்.

தீர்ப்பில் தன் வாதத்தைத் தானே உடைத்தார். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிச் சத்திரசிகிச்சை செய்திருந்தால் சில்வெஸ்ரர் பிழைத்திருப்பான். டொக்டர் சொல்கேட்டுப் போன மனைவியில் பிழையில்லை என்று வாசித்தார். கனகாலத்துக்குப் பிறகு மனம் கொஞ்சம் லேசானது.

றோசம்மா எழுந்து கேட்டாள்.

"யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போயிருந்தா இருந்திருப்பாரோ, ஐயா?"

"ஓம்."

"அவர் கேட்டவர், ஐயா. 'யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போ, றோசம்மா' எண்டு என்ரை கையைப் பிடிச்சுக் கெஞ்சினவர். எப்பிடியும் போற உயிர், அங்கை செத்தா வள்ளம் கிடையாதெண்டு நான்தான் மறிச்சனான்."

சாட்சிக் கூண்டில் நின்றபோது அவள் இதைச் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

"அம்மா, உம்மிலை பிழையில்லை எண்டுதானே..." என்று அம்பலவாணர் தொடங்கினார்.

அவள் கை கூப்பினாள். "டொக்டர் சொன்னது சரியெண்டு மாத்தி எழுதிவிடுங்கோ, ஐயா. மாமி என்னவும் சொல்லட்டும். அவர் எங்கை கொண்டு போனாலும் செத்திருப்பார் எண்டு எழுதிவிடுங்கோ."