மூன்றாம் நிமிடத்து இருமல்

மணியம்மாவின் இருமலைப் பாட்டிலிருந்து வெட்டி எடுத்த மறுநாள் முதல், அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் மூன்று நிமிடம் பதினொரு விநாடியில் இருமினார்கள். குட்டையாக மூன்று, நீளமாக ஒன்று. கைக்குட்டை வைத்திருந்தவர்கள் அதில் நீலமாக ஒரு சொட்டைப் பார்த்தார்கள். இது நடந்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டு மார்ச்சில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில். அந்த வாரம் முட்டைக்கோசு விலையும் இறங்கியிருந்தது.

வெட்டியவன் சுகுமாரன். வேலைக்குப் போகிறவர்கள் முன்பு கைக்குழந்தைகளை விட்டுப்போன, இப்போது மூடிக் கிடந்த பிள்ளைக் கொட்டகையின் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, 'மூணாம் லயன் ரெக்கார்ட்ஸ்' என்று சின்னதாக ஓர் இசை நிறுவனம் நடத்திவந்தான். கித்தாருக்குத் தனுஜா, உறுமிக்குக் குகன்; மூவரும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களில் வளர்ந்த பிள்ளைகள். பெரிய கம்பெனிகள் சீண்டாத பாட்டைத்தான் பதிவு செய்வோம் என்று வீறாப்பு வேறு. அப்படிக் கிடைத்தவள்தான் மணியம்மா. பதினெட்டு வருடமாக முதுகில் மருந்துப் பம்பைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்தடிப்பவள். மேடேறும்போது தானே பாட்டுக் கட்டுவாள். களையையும் கங்காணியையும் ஒரே வரியில் நிறுத்தி ஏசுவாள். ஒரே தடவையில் பாடிக் கொடுத்தாள். நடுவில் இருமல் வந்தது. இருமிவிட்டு, விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள். சுகுமாரன் இரண்டு நாள் உட்கார்ந்து அந்த இருமலைத் துடைத்தெடுத்தான். உறுமித் தோல் உரசுவதை விட்டுவைத்தான். தனுஜாவின் விரல் கம்பியில் வழுக்கியதையும், அதுதான் அசல் என்று விட்டுவைத்தான். இருமல் மட்டும் அவனுக்கு அழுக்காகப் பட்டது. படித்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய முட்டாள்தனம்.

பாட்டைப் போட்டுக் காட்டியபோது மணியம்மா கடைசிவரை கேட்டாள். பிறகு இருமல் எங்கே என்றாள். கேட்க நன்றாக இருக்காது, எடுத்துவிட்டேன் என்றான்.

"பதினெட்டு வருசம் மருந்தடிச்சு வாங்குன இருமல்டா அது," என்றாள். "டிரெசரும் புக்குல எழுத மாட்டேங்கிறாரு. நீயாச்சும் வச்சிருப்பேன்னு நெனச்சேன்."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தோட்டத்து டிஸ்பென்சரியில், டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கும் டிரெசர் புனிதன் ஒரு நோயாளிப் புத்தகம் வைத்திருந்தார். களைமருந்தால் வந்த இருமல் என்று அதில் ஒரு வரி எழுதினால், அவளைக் கொழுந்தெடுக்க மாற்றியாக வேண்டும். ஆறு தடவை போனாள். ஆறு தடவையும் 'குளிர்' என்று எழுதினார். அவளோடு மருந்தடித்த மற்றப் பத்துப் பெண்களுக்கும் அதே குளிர்தான். இந்த மலையில் குளிரை நம்பிப் பிழைப்பவர்கள் காய்கறி போடுகிறவர்கள் மட்டுமல்ல.

இருமலை வெட்டிய மறுநாள் முதலில் இருமியவன் சுகுமாரன், அடுத்தது தனுஜா. பாட்டு வெளிவந்ததும், பிரிஞ்சாங்கின் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் ஸ்ட்ராபெரி விற்கும் ப்ரியா அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டாள். சோளம் பொரித்தவனும் சிங்கப்பூரிலிருந்து வந்த குடும்பமும் இன்னும் ஒரு வரிசைச் சனமும் ஒன்றாக இருமிவிட்டுப் பேரத்தைத் தொடர்ந்தார்கள். கோலாலம்பூரில் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் நேரலையில் இருமி, மன்னிப்புக் கேட்டார். ஆண்கள் இருமினாலும் குரல் பெண்ணுடையதாக இருந்தது. தோட்டத்தில் யாரும் அது யாருடையது என்று கேட்கவில்லை. இருமலைத் திரும்ப வைத்துவிடுகிறேன் என்று சுகுமாரன் அழாத குறையாகக் கெஞ்சினான். மணியம்மா விடவில்லை. ஊர் கொஞ்சம் இருமட்டும் என்றாள். இரண்டாம் பதிப்பின் உறையில், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளவும் என்று அச்சடித்தார்கள்.

தோட்டக் கம்பெனிக்கும் அந்தப் பாட்டுப் பிடித்துப்போனது. சுற்றுலாக்காரர்கள் தேநீர் குடிக்கும் கடையில் அதைப் போட்டார்கள். மேனேஜர் லிங்கேஸ்வரன் தினமும் அங்கே போய் உட்காருவார். பம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனிதர். பத்தாவது நாள் வெள்ளைச் சட்டையில் களைமருந்தின் நீலக் கறையோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். புனிதன் அவரை உட்காரவைத்து, நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்த்து, நல்ல கையெழுத்தில் எழுதினார்: 'களைமருந்துப் புகையால் வந்த இருமல். மருந்தடிக்கும் பக்கம் போகக் கூடாது.' அதற்கு நேர் மேல் வரியில் இருந்தது: 'மணியம்மா, குளிர்.' இரண்டும் ஒரே இருமல். டிஸ்பென்சரியைக் கூட்டிப் பெருக்கும் உமாதேவி இதைப் படித்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் எல்லா லயனுக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்க வேண்டும். யாரும் போடவில்லை, மணியம்மாவுக்குச் சரியானதை எழுதவேண்டியதும் அதே புத்தகத்தில்தான் என்பதால்.

அடுத்த வாரம் லிங்கேஸ்வரனே பிள்ளைக் கொட்டகைக்கு நடந்து வந்து, இருமலைப் பாட்டில் திரும்ப வைக்கும்படி கேட்டார். சுகுமாரன் அங்கிருந்த மணியம்மாவைப் பார்த்தான்.

"மொதல்ல எங்க பதினோரு பேருக்கும் சரியா எழுதச் சொல்லுங்க தொரை," என்றாள் அவள். "அப்புறம் என் இருமல நானே எடுத்துக்கிறேன் லா."

தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார் அவர். கேட்டதாகவும் சொன்னார். கடையில் பாட்டை நிறுத்தினார்கள்; வேறொன்றும் நடக்கவில்லை. மணியம்மா மறுநாளும் பம்பைக் கட்டிக்கொண்டு மேடேறினாள், அதற்கு மறுநாளும், இன்னும் இரண்டு வருடமும். வெட்கங்கெட்டவர்களின் பதில் இன்றுவரை வரவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஜூனில் அவள் இறந்தாள். புனிதன் புத்தகத்தில் 'குளிர்' என்று எழுதினார். பெட்டியை லயன் வாசலில் வைத்து, சுகுமாரன் அவள் பாட்டையே போட்டான். மாலையோடு வந்த லிங்கேஸ்வரனால் நடுவில் எழுந்து போக முடியவில்லை. அவருக்குப் பின்னால் புனிதன் நின்றார். மூன்று நிமிடம் பதினொரு விநாடியில் எல்லாரும் இருமினார்கள். பத்துப் பெண்கள், மேனேஜர், டிரெசர், லோரி ஓட்டி வந்தவன், எல்லாரும். ஒருவரும் வாயைப் பொத்தவில்லை. மணியம்மா மட்டும் இருமவில்லை. பிறகு பாட்டின் அடுத்த வரி வந்தது. குகன் உறுமியை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தான்.