ஒரு நாள் காற்று

விடியும் முன்பே தொட்டித் தண்ணீரில் கை வைத்தாக வேண்டும். சிமெண்டுத் தொட்டியில் குளிர்ந்து கிடந்த தண்ணீர் மணிக்கட்டுவரை எலும்பைக் கவ்வும். அதில் உப்புத்தாளை நனைத்து, மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கு மேல் அழுத்தாமல், விடாமல், வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் வர்ணம் போய்த் தகரம் பல்லிளிக்கும். விட்டால் கீறல் அப்படியே நிற்கும்.

தேய்க்கும் ஏழு பெண்களில் மூத்தவளை எல்லோரும் அண்ணி என்று கூப்பிட்டார்கள். உண்மையில் அந்த ஷெட்டில் ஒருவருக்குத்தான் அவள் அண்ணி. அவருக்காக வந்த பெயர் ஊருக்கே ஒட்டிக்கொண்டது.

டேங்கு கைக்கு வந்ததும் அண்ணி நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுப்பாள். நகம் வழுக்கிப் போனால் பாலிஷ் போதும். தட்டி நின்றால் தேய்த்து, பட்டி வைத்து, வர்ணம் அடித்து, அதன்மேல் பளபளப்புப் பூச்சு அடித்து, சூட்டு விளக்கின் கீழ் காய வைக்க வேண்டும்.

சரிசெய்த டேங்கில் மறுபடி கீறல் விழக்கூடாது என்று முதலாளி சுவரில் பலகை மாட்டியிருந்தார். மோதிரம் கூடாது. வளையல் கூடாது. பெல்ட் கூடாது. பொத்தான் கூடாது. ஆண்கள் கால்சட்டையை நாடாவால் இறுக்கிக்கொண்டு நடமாடினார்கள்.

“டேங்குல நூலளவு கீறல் விழுந்தா மனுஷன் சோறு தண்ணி இல்லாம தவிக்கிறாரு. நம்ம கையில தோல் உரிஞ்சா, ‘ரத்தத்தைத் துடைச்சிட்டு வா, டேங்குல படப்போகுது’ங்கறாரு” என்பான் சூட்டு விளக்கைப் பார்த்துக்கொள்ளும் ரேடியோ. வாய் மூடாமல் பேசுவதால் வந்த பெயர். டேங்குகளின் உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கழுவும் அவன் மனைவி, “ரேடியோவை யாராவது அணைங்களேன்” என்பாள். ஷெட்டு சிரிக்கும்.

டேங்குகள் ஓடின வண்டிகளிலிருந்து கழற்றி வந்தவை. பெட்ரோலை வடித்துக் கழுவினாலும் அடிமடிப்பில் ஒரு கரண்டி அளவு ஒளிந்திருக்கும். அந்த ஆவிமேல் சூடு பட்டால் டேங்கு குண்டாகிவிடும். அதனால் மூடியைத் திறந்து, பின்சுவர் ஓரமாக ஒரு நாள் முழுக்கக் காற்றாட வைப்பார்கள். மறுநாள் காலையில் அண்ணியின் கொழுந்தனார் ஒவ்வொன்றின் வாயிலும் மூக்கை வைத்துப் பார்ப்பார். “சரி” என்றால் அது வேலைக்குப் போகும். “ம்ஹூம்” என்றால் இன்னொரு நாள் நிற்கும். பதினாறு வருஷமாக வர்ணம் அடிப்பவர். அவரை மூக்கர் என்றார்கள். அவர் “சரி” சொன்ன எதுவும் அதுவரை வெடித்ததில்லை.

அன்று காலை முதலாளி வந்து பின்சுவரைப் பார்த்தார். ஐம்பது டேங்குகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன.

“இதெல்லாம் எதுக்கு இங்க வெட்டியா நிக்குது?”

“காத்தாடுது முதலாளி” என்றார் மூக்கர்.

“கம்பெனிக்காரன் காலையில அனுப்புனா சாயங்காலம் திருப்பிக் கேக்குறான். நாளையிலேருந்து காத்தாடுறது கிடையாது. கழுவு, அடி, காய வை, அனுப்பு.”

“ஒரு நாள் விடலேன்னா ஆபத்துங்க.”

“நீ எதுக்கு இருக்கே? ஊரே உன் மூக்கைப் புகழுது. மோந்து பாத்துச் சொல்லு, போதும்.”

எல்லோரும் மூக்கரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“சரிங்க” என்றார்.

அடுத்த நாள் விடிகாலை அண்ணி பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். திரும்பி வரும்போது வாசலிலேயே தீய்ந்த நாற்றம் முகத்தில் அடித்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பாத்திரம் கரியாகிக் கிடந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி, நாலடி தள்ளி உட்கார்ந்து, மூக்கர் சட்டைக்கு நாடா தைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணி, என்ன ஆச்சு?”

அவள் பாத்திரத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு தலை குனிந்தார்.

“எவ்வளவு நாளா தம்பி?”

“மழைக்காலத்துலேருந்து. முதல்ல சளின்னு நெனச்சேன். தின்னர் வாடை, பூச்சு வாடை, எல்லாம் சேந்து தின்னுடுச்சு போல. டாக்டர், திரும்பினாலும் திரும்பும்னாரு.”

“அய்யோ, நேத்து சரின்னு சொன்னீங்களே!”

“இல்லேன்னு சொன்னா வெளியே போடாம்பாரு. இந்த வயசுல எனக்கு வேற எந்தக் கதவு திறக்கும்? அண்ணனும் இல்ல. நீங்க ஒருத்தர் தேய்ச்சுத் தேய்ச்சு இந்த வீட்டை இழுப்பீங்களா? ஒரு பத்து நாள் பொறுங்க அண்ணி.”

ஷெட்டில் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் வீட்டில் அடுப்பு என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பின் அவள் அதிகம் நினைத்து வருந்தியது அந்தக் காலை நேரத்தைத்தான்.

இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். டேங்கைத் தூக்கி வைக்கிற சாக்கில் அண்ணி முகர்ந்து பார்ப்பாள். அவள் துணியை உதறினால் சரி, தோளில் போட்டால் இல்லை. மூன்று நாள் இப்படி ஓடியது. விளக்கடியில் ரேடியோ பாடிக்கொண்டிருப்பான். பாட்டு நிற்கும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

நான்காம் நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். “உன் கை நிதானமான கை. முன்னறைக்குப் போ. முடிஞ்ச டேங்குக்கெல்லாம் கண்ணாடித் தாள் ஒட்டணும். வண்டிக்காரன் பெல்ட்டு, சாவி, ஜிப்பு எது பட்டாலும் கீறல் விழாது.”

“நான் இங்கேயே தேய்க்கிறேங்க.”

“சொன்னதைச் செய்.”

முன்னறையில் அவள் சோப்புத் தண்ணீர் தெளித்து, தாளைப் பரப்பி, குமிழி வராமல் ரப்பர் பட்டையால் தள்ளிக்கொண்டிருந்தாள். கை வேலை செய்தது. காது பின்னால் இருந்தது. நான்காவது டேங்கு வந்ததும் பட்டையைப் போட்டுவிட்டு எழுந்தாள். சொல்லிவிடுவோம், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கதவுவரை போனாள்.

சத்தம் பெரிதாக இல்லை. தகரக் கதவை யாரோ உதைத்தது போல ஒன்று. பிறகு ஒரு மஞ்சள் வெளிச்சம். பிறகு ஒரு மனிதக் குரல்.

மூக்கர்தான் முதலில் ஓடினார். சாக்கை நனைத்து ரேடியோவின் மேல் போட்டு அணைத்துக்கொண்டு தரையில் உருண்டார். சாக்கை விலக்கியபோது ரேடியோவின் இரண்டு கைகளிலும் தோல் கையுறை போலக் கழன்று தொங்கியது. முகத்தில் ஒரு பாதி கருத்திருந்தது. அவன் மனைவி அலறவில்லை. அவன் காலைப் பிடித்துக்கொண்டு, “பேசு, ஏதாவது பேசு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை முதலாளி எல்லோரையும் நிறுத்தினார். கையில் ஒரு தாள் இருந்தது.

“அந்த டேங்குக்குச் சரின்னு சொன்னது யாரு?”

“நான்தான்” என்றார் மூக்கர்.

“கேட்டீங்களா? விதிப்படி எல்லாம் நடந்தது, இந்த ஆளோட கவனக்குறைவால விபத்துன்னு இதுல எழுதியிருக்கு. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு வேலையைப் பாருங்க. இவனைப் போலீஸ் பாத்துக்கும்.”

மூக்கர் ஓரடி முன்னால் வந்தார். “எனக்கு வாசனையே தெரியாது. ஆறு மாசமா தெரியாது. மறைச்சிட்டேன். நேத்து அண்ணி இருந்த இடத்தைப் பாத்தேன், ஆள் இல்ல. முதலாளி பின்னாலேயே நின்னாரு. சரின்னுட்டேன்.”

“எனக்கும் தெரியும்” என்றாள் அண்ணி. “நானும் மறைச்சேன்.”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. வர்ணக்காரர்களில் ஒருவன், “அடப்பாவிகளா” என்றான். முதலாளி தாளை ரேடியோவின் மனைவியிடம் நீட்டினார். “நீ முதல்ல போடும்மா. உன் புருஷனை இந்தக் கதிக்கு ஆளாக்கினவனுக்கு நீயே தண்டனை வாங்கிக் குடு.”

ஆஸ்பத்திரித் தரையில் படுத்து எழுந்து வந்த முகம் அவளுடையது. தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு மூக்கரைப் பார்த்தாள்.

“அண்ணே, உங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. அண்ணி மேலயும் இருக்கு. அது அடங்க நாளாகும், அடங்காமலும் போகலாம். அது நமக்குள்ள.” முதலாளியிடம் திரும்பினாள். “மூக்கு இருந்தா மட்டும்? தலைவலி வந்தா, சளி பிடிச்சா, மனுஷ மூக்கை நம்பித்தான் என் புருஷனை நெருப்புக்குப் பக்கத்துல நிறுத்தினீங்களா? அந்த ஒரு நாளை எடுத்தது யாரு?”

“வாயை அளந்து பேசு. ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி குடுத்தேன்.”

“வண்டி குடுத்தீங்க. சீட்டு மேல தார்ப்பாய் விரிச்சுத்தான் அவரைப் படுக்க வச்சீங்க.”

அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “இது விசாரணைக்கு வர்றவங்ககிட்டக் காட்ட வேண்டிய தாளு.”

அண்ணி வரிசையிலிருந்து விலகி, விளக்கடிக்குப் போகக் காத்திருந்த டேங்கு ஒன்றைத் தூக்கினாள். பின்சுவர் ஓரம் வைத்து, வர்ணம் உள்ளே போகாமலிருக்க வாயில் ஒட்டியிருந்த காகிதப் பட்டையை உரித்தாள். “அடப்பாவிகளா” என்றவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் ஒன்றைத் தூக்கினான். கால் மணி நேரத்தில் எல்லா டேங்குகளும் சுவரோரம் திறந்து நின்றன. வேலைக்காரர்கள் வெளியே வந்து கேட்டின் உட்புறம் உட்கார்ந்தார்கள்.

“ஒரு நாள் காத்து. ஆவி பாக்குற மெஷின். ரேடியோவுக்குக் கை சரியாகுற வரைக்கும் வைத்தியம். தம்பி மேல வழக்கு கிடையாது. அதுவரைக்கும் ஒரு டேங்கையும் தொட மாட்டோம்” என்றாள் அண்ணி.

“வெளியில ஆளா இல்ல? மத்தியானத்துக்குள்ள இறக்கிக் காட்டறேன்” என்றார் முதலாளி.

இறக்கத்தான் செய்தார். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. இருபது பேர் இறங்கினார்கள். அவர்களோடு தடி ஊன்றிய நான்கு காவலாட்களும் இறங்கினார்கள். கேட்டு இன்னும் திறக்கவில்லை. கம்பிகளுக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். மூக்கர் எழுந்து நின்றார். முதல் அடி தன்மேல்தான் விழும் என்று அவருக்குத் தோன்றியது. ரேடியோவின் மனைவி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

வந்தவர்களில் நரைத்த தலைக்காரி ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “இங்க நிறைய வேலை இருக்குன்னு கூட்டிட்டு வந்தாங்க. நீங்கல்லாம் ஏன் உட்கார்ந்திருக்கீங்க?”

ரேடியோவின் மனைவி இடுப்பிலிருந்த தாளை எடுத்துக் கம்பிக்கு நடுவே நீட்டினாள். படிக்கத் தெரிந்த ஒருவன் அதை உரக்கப் படித்தான். அவள் அதில் இல்லாததைச் சொன்னாள். கைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் நின்றது. மிச்சத்தை மூக்கர் சொன்னார்.

காவலாள் ஒருவன் தடியால் கம்பியைத் தட்டி, “உள்ள போங்க, உள்ள போங்க” என்றான். ஷெட்டுக்குள்ளிருந்து முதலாளி கேட்டைத் திறக்கச் சொல்லிக் கத்தினார். இன்னொரு காவலாள் பூட்டில் சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது.

நரைத்த தலைக்காரி தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். சிலர் வேனைப் பார்த்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை உதறி, திறக்கிற கேட்டுக்கு நேரே, வழியை அடைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தார். பிறகு இருவர்.

“கொஞ்சம் நகருங்க எல்லாரும்” என்றாள் அண்ணி தன் பக்கத்தவர்களிடம். “நிழல் இந்தப் பக்கம்தான் இருக்கு. அவங்களும் வரட்டும்.”