இடப்பக்க முறுக்கு

பெட்டியைத் திறந்து முதல் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்ததுமே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முறுக்கு வலப்பக்கமாக விழுந்திருந்தது.

நகரத்து வண்ணத்துப்பூச்சிக் கூடத்தில் அவளுக்குக் கூட்டுப்புழு அறையில் வேலை. செவ்வாய்தோறும் இரண்டு நாள் தொலைவிலிருக்கும் மழைக்காட்டுப் பண்ணையிலிருந்து எண்பது கூட்டுப்புழுக்கள் வரும். ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றி, இரு முனையையும் மிட்டாய்க் காகிதம் மாதிரி முறுக்கியிருப்பார்கள். அவள் பிரித்து, கண்ணாடி அலமாரிக்குள் குச்சிகளில் தொங்கவிட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே சுற்றி அனுப்புகிறவர் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான்.

பண்ணைக்கு ஒரே ஒரு போன், அதுவும் அலுவலக விஷயத்துக்கு மட்டும். கடிதம் எழுதுவதோ மனிதருக்கு வேப்பங்காய். ஆனால் பீச்சாங்கைக்காரர் என்பதால் அவர் முறுக்கு எப்போதும் இடப்பக்கம்தான் விழும். பதினான்கு மாதமாக அவளுக்கு அதுதான் கடிதம். இறுக்கமாக இருந்தால் நன்றாகத் தூங்கியிருக்கிறார், தளர்ந்திருந்தால் காட்டில் மழை விடவில்லை என்று அவளாக அர்த்தம் பண்ணிக்கொள்வாள். பொங்கலோ தீபாவளியோ இல்லாமலே வாரத்துக்கொரு நல்ல நாள் அவளுக்கு இருந்தது.

போன மாதம் அதிசயமாக நான்கு வரி எழுதியிருந்தார். லீவு கேட்டிருக்கிறாராம், பதில் ஆள் கிடைத்த அன்றே கிளம்பிவிடுவாராம். அப்படியானால் இந்த வலப்பக்க முறுக்கு? பதில் ஆள் வந்துவிட்டான். அவர் கிளம்பிவிட்டார். எண்பதையும் பிரித்துப் பார்த்தாள். எல்லாமே வலப்பக்கம், எல்லாமே கோணல்மாணல். புது ஆளுக்கு இன்னும் கை படியவில்லை என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தவும் செய்தாள்.

அன்று மாலை தலையணை உறையெல்லாம் மாற்றினாள். புதன்கிழமை, அவள் கால் தரையில் படவில்லை என்று டிக்கெட் கொடுக்கும் அக்கா கேலி செய்தாள். வியாழக்கிழமை பேருந்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அலமாரியில் நீல வண்ணத்துப்பூச்சிகள் வெளிவரத் தொடங்கின. சிறகை மூடியிருந்தால் வெறும் சருகு, விரித்தால் கண்கொள்ளாத நீலம். கடைசியாக வந்தபோது அவர் சொல்லியிருக்கிறார், காட்டில் ஓடைமேல் பறக்கும்போது அவை தெரிந்து தெரிந்து மறையுமாம், முழுசாகப் பார்த்தோம் என்று யாராலும் சொல்ல முடியாதாம். பூவைத் திரும்பிக்கூடப் பார்க்காதாம், அழுகின பழம்தான் வேண்டுமாம். இவற்றின் புழுக்களுக்கோ உயரத்தில் படரும் ஒரு கொடியின் இலைதான் வேண்டும். அதற்காக அவர் தினம் மரம் ஏறுவார். இங்கே வாளி நிறைய அழுகின வாழைப்பழம் வைத்தாலும், வெளிவந்ததும் அவை நேராகக் கண்ணாடிக் கூரைக்குத்தான் போய் முட்டும். அவளுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. அவர் கிளம்பிவிட்டாரா என்று பண்ணையில் கேட்டுச் சொல்லும்படி மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள்.

மேற்பார்வையாளர் பண்ணைக்குப் போன் பேசி முடித்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"புது ஆளுன்னு யாரும் வரலம்மா. இலை பறிக்க ஏறின உங்க வீட்டுக்காரர் வழுக்கி விழுந்திருக்கார். இடது கையில கட்டு. பயப்பட ஒண்ணுமில்லயாம்."

"அப்ப இந்த வாரப் பெட்டி யாரு கட்டினது சார்?"

"அவருதான். அடுத்தவங்க தொட்டா நசுங்கிடும்னு யாரையும் விடலையாம். ரெண்டு நாளா உக்காந்து வலது கையாலயே கட்டியிருக்கார்."

பதில் ஆள் இல்லையென்றால் லீவும் இல்லை.

அறைக்கு வந்து, மேசைக்கடியில் கிடந்த சாக்கைக் கவிழ்த்தாள். செவ்வாய்க்கிழமை பிரித்துப் போட்ட பஞ்சு மொத்தமும் அதில் இருந்தது. இதைப் பார்த்துத்தானே சிரித்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாங்க என்று அவரை இங்கிருந்து எப்படிக் கூப்பிடுவது?

காலிப் பெட்டி மதிய வண்டியில் பண்ணைக்கு, அவர் கைக்கே, திரும்பிப் போகும். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டுப் பஞ்சை எடுத்தாள். வலது கையை மடியில் வைத்துவிட்டு இடது கையால் முறுக்கினாள். நழுவியது. மறுபடி முறுக்கினாள், மறுபடியும் நழுவியது. நாலாவது தடவை நின்றது, கோணல்மாணலாக, இடப்பக்கம் விழுந்து. அதைப் பெட்டியின் மூலையில் வைத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். அலமாரிக்குள் ஒரு நீலம் சிறகை விரித்து, மூடி, விரித்துக்கொண்டிருந்தது.