நிரபராதிக் கடைவாய்ப்பல்

அக்கா பல் மருத்துவர். அவளுடைய இடது கன்னம் மரத்துப்போனதை, தனக்கே தெரியாமல், முதலில் காட்டிக்கொடுத்தவன் தம்பி. அவள் கிளினிக்கின் பின்னறையில் பல் செட் செய்கிறவன். மதியம் சாப்பிட்டு எழுந்தவளின் உதட்டோரம் ஒரு ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது.

"ராத்திரிக்குன்னு மிச்சம் வெச்சிருக்கியாக்கா?"

கண்ணாடியில் பார்த்துத் துடைத்தாள். ஒட்டியிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டான்.

பிறகு வலி வந்தது. பல் துலக்கும்போது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று ஒரு வெட்டு; கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். இடப்பக்கம் மென்றால் தாடை சீக்கிரம் ஓய்ந்தது. "ஏன் உடனே வரல?" என்று ஊராரையெல்லாம் அதட்டுகிறவள், கதவைச் சாத்திக்கொண்டு தன் வாயைத் தானே எக்ஸ்ரே எடுத்தாள். படத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றின்மேல் சந்தேகத்தைப் போட்டு, கல்லூரித் தோழியை நச்சரித்து அதைப் பிடுங்க வைத்தாள்.

பல் போனது. வலி போகவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி..." என்று ஆரம்பித்தான் தம்பி.

"வாயை மூடுடா."

"தான் விழுமாம் கழுநீர்ப் பானையில துள்ளி. ஒரு பாவமும் அறியாத பல்லைத் தூக்குல போட்டுட்டியே! வா, மேல் கோர்ட்டுக்குப் போவோம்."

மேல் கோர்ட் என்று அவன் இழுத்துப்போனது நரம்பு மருத்துவரிடம். அவர் பஞ்சுத் திரியால் முகத்தில் அங்கங்கே தொட்டார். வலது கருவிழியில் பட்டதும் அக்கா சட்டென்று இமைத்தாள். இடது பக்கம் பட்டபோது இமைக்கவில்லை. பல்லைக் கடிக்கச் சொல்லித் தாடையை அழுத்திப் பார்த்தார். இடது தசை மெலிந்திருந்தது.

"பல்லைப் பார்த்தது போதும் டாக்டர். தலையைப் பார்ப்போம்," என்றார் அக்காவிடம்.

எம்ஆர்ஐ படத்தில் மூளைத்தண்டை ஒட்டி ஒரு கட்டி தெரிந்தது. முகத்தின் உணர்ச்சிக்கும் மெல்லும் தசைக்கும் பொறுப்பான டிரைஜெமினல் நரம்பின் உறையில் முளைத்தது. அக்கா தினமும் ஊசி போட்டு மரக்க வைப்பது இதே நரம்பின் கிளைகளைத்தான்.

"இந்த வகை பெரும்பாலும் சாதுதான். எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்," என்றார் மருத்துவர். "சின்னதா இருந்தா அப்பப்போ படமெடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். இல்லன்னா கதிர்வீச்சு. ஆனா இது மூளைத்தண்டை அமுக்குது. ஆபரேஷன்தான் நல்லது."

திரும்பும்போது பஸ்ஸில் தம்பி வாயே திறக்கவில்லை. அக்காவுக்குக் கட்டியைவிட அதுதான் பயமாக இருந்தது.

"ஏதாவது பேசித் தொலைடா."

"என்ன பேச? உன் தலைக்குள்ள ஏதோ இருக்குன்னு இன்னைக்குத்தான் ருசுவாயிருக்கு."

அவள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காதுமடல் சிவந்திருந்தது.

காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து, மைக்ரோஸ்கோப் வழியே கட்டியைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். நரம்போடு பின்னிக்கிடந்த சிறு பகுதியை மட்டும் தொடவில்லை. இழுத்தால் நரம்பே போய்விடும். அது வளர்ந்தால் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார்கள். எடுத்ததைச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை.

மயக்கம் தெளிந்தவளிடம் தம்பி குனிந்து கேட்டான். "நான் யாருன்னு தெரியுதாக்கா?"

"தெரியாம இருந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும்."

அவன் வெளியே போய் அழுதுவிட்டு வந்தான். கேட்டதற்கு, ஆஸ்பத்திரி பினாயில் நெடி என்றான்.

சுரீர் வலி அதோடு நின்றது. கன்னம் மட்டும் பாதி மரத்தபடியே இருக்கிறது. தூசி விழுந்தாலும் தெரியாது என்பதால் இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து, வெளியே போனால் கண்ணாடி. வருஷா வருஷம் ஒரு ஸ்கேன். விட்டுவைத்த துணுக்கு இதுவரை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது.

மறுபடி வேலைக்கு வந்தவளிடம் முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். ஊசியைப் பார்த்ததும் ஆறடி உடம்பு நாற்காலிக்குள் சுருங்கியது.

"இந்த மரமரப்பு போயிடும் இல்ல, டாக்டர்?"

"சாயங்காலத்துக்குள்ள போயிடும்," என்றாள். "கொடுத்து வெச்ச ஆளு நீங்க. ஆ காட்டுங்க."