முந்நூற்றொரு வாக்குகள்

அந்த அறையின் விசைப்பலகைகள் எல்லாமே பிசுபிசுக்கும். மாலையில் உட்கார்ந்ததும் கைக்குட்டையை நனைத்து ஒவ்வொரு எழுத்தாகத் துடைப்பது என் வழக்கம். துணியில் கறுப்பாக ஏறும். யாருடைய விரல் அழுக்கு என்று யோசிக்கக் கூடாது என்று தினமும் நினைப்பேன். தினமும் யோசிப்பேன்.

நகராட்சி ஆவண அறைக்கு மேல்மாடியில், ஆறிலிருந்து எட்டு வரை எங்கள் கணினி வகுப்பு. பகலில் நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். நகராட்சியில் ஆவணத் தட்டச்சர் இடம் ஒன்று காலியாக இருந்தது. இந்த வகுப்பின் சான்றிதழ் இருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். சான்றிதழுக்காக எங்களிடம் கொடுத்த வேலை, நகராட்சித் தேர்தல்களின் அறுபது வருட முடிவுகளை யாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவது. மொத்தம் இருநூறு தாள்கள். கரப்பான் எச்சமும் காய்ந்துபோன பசையுமாகக் கீழேயிருந்து கட்டுக் கட்டாக வரும்.

முறை எளிமையானது. ஒரே தாளை இரண்டு பேர், ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல் அடிக்க வேண்டும். கணினி இரண்டையும் ஒப்பிடும். ஒத்துப்போனால் பக்கம் வெளியாகும். அடித்தவர் திரையில் 'சந்தேகம்' என்று ஒரு பொத்தானும் உண்டு. பக்கம் வெளியான பிறகுகூட அதை அழுத்தலாம். அழுத்திவிட்டால், மூன்றாவது ஆள் ஒருவர் மூலத் தாளைப் பார்த்து அடிக்கும்வரை அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. "நானே நினைச்சாலும் அதைத் தாண்ட முடியாது" என்று முதல் நாள் மாஸ்டர் பெருமையாகச் சொன்னார்.

என் அளவுக்கு அதை யாரும் அழுத்தவில்லை. ஒன்றா ஏழா, மூன்றா எட்டா என்று தயங்கித் தயங்கி, கடைசியில் வகுப்பில் என் பெயரே சந்தேகம் என்று ஆகிவிட்டது. என் ஜோடிக்கு மின்னல் என்று பெயர். அவ்வளவு வேகமாக அடிப்பான்.

"ஏய் சந்தேகம், உன்கூட சேர்ந்து அடிச்சா அடுத்த தேர்தலே வந்துடும் போல" என்பான்.

நடுவில் இரண்டு வாரம் அவன் வேறு வேலை தேடி அலைந்தான். திரும்பி வந்தபோது நாற்பத்தாறு தாள் பின்தங்கியிருந்தான். "உன் ஃபைலை அனுப்பேன். சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுக் குடுத்துடறேன்" என்றான். எதற்கென்று எனக்குத் தெரியும். மறுநாள் பகல் முழுக்க யோசித்தேன். மாலையில் அனுப்பிவிட்டேன். ஃபைலைக் கேட்டபோது மட்டும் அவன் என்னை என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தான்.

தளம் வெளியான நாளில் எல்லாரும் கைதட்டினோம். முகப்பின் அடியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: இருவர் தட்டச்சு, நூறு சதவீதம் உறுதி.

மூன்றாவது வாரம், கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒரு தையற்கடைக்காரம்மா மாடியேறி வந்தார். எழுபது வயதிருக்கும்.

"இங்க யாரு எலெக்‌ஷன் கணக்கு போட்டது?"

"வாங்கம்மா, உட்காருங்க" என்றார் மாஸ்டர்.

"உட்கார வரல. முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி எங்க வார்டுல நான் நின்னேன். தோத்தேன், அது வேற விஷயம். ஆனா முன்னூத்திப் பதினோரு பேர் எனக்குப் போட்டாங்க. உங்க கம்ப்யூட்டர்ல மூணுன்னு இருக்கு. மருமக ஃபோனை மூஞ்சிக்கு நேரா நீட்டி, 'அத்தை, மாமாவாவது உங்களுக்குப் போட்டாரா?'ன்னு கேக்கறா."

மின்னல் சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றினான். அந்தம்மா அவனைப் பார்க்கவே இல்லை.

"தெருவுல போறவங்களைப் பார்த்து, இவன் போட்டிருப்பானோ, அவ போட்டிருப்பாளோன்னு நினைச்சே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். மூணுன்னா என்ன அர்த்தம்? நான், என் வீட்டுக்காரர், அப்புறம் யாரோ கை தவறிக் குத்தினவன்."

நான் கீழே ஓடினேன். கட்டைப் பிரித்துத் தாளை எடுத்தேன். நான்காவது வரிசையில் அவர் பெயர், ஐந்தாவதில் செங்கல் சின்னத்தில் நின்ற ஒருவர். அவருக்கு மூன்று. இரண்டு எண்களையும் நான் இடம் மாற்றி அடித்திருக்கிறேன். மின்னலும் அதே இரண்டு எண்களை அப்படியே மாற்றி அடித்திருக்கிறான். சும்மா ஒரு பார்வை!

இன்னொன்றும் இருந்தது. அந்தம்மாவுக்குத் தாளில் இருந்தது முந்நூற்றுப் பதினொன்று இல்லை. எண்ணிலும் எழுத்திலும் முந்நூற்று ஒன்று. தாளை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மாஸ்டரை வராந்தாவுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைல் கொடுத்ததையும். அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கற? மத்த ஜோடிங்களுக்குப் பத்துக்கு ரெண்டு இடிக்கும். உங்க நாப்பத்தாறும் ஒரு புள்ளி பிசகாம ஒத்துப்போச்சு."

"தெரிஞ்சுமா சார்?"

"தளம் வெளியிட நகராட்சியில தேதி குடுத்துட்டாங்கம்மா. இப்ப என்ன, அவங்களுக்கு முன்னூத்திப் பதினொண்ணு வேணும். நீயும் அவனும் அதையே திருத்தி அடிச்சிடுங்க. சந்தோஷமா போயிடுவாங்க. தாளை யாரு தூக்கிப் பார்க்கப் போறா?" நனைந்த விரல்களால் என் தோளைத் தட்டினார். "உனக்கும் சான்றிதழ் வேணும்ல."

உள்ளே வந்தால் மின்னல் திரையைத் திருப்பிக் காட்டினான். "மாஸ்டர் முன்னாடியே கண்ணைக் காட்டிட்டாரு. நான் அடிச்சாச்சு. உன்னோடது மட்டும்தான் பாக்கி."

தோளில் பிஸ்கட் துகள் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். விசைப்பலகையைத் துடைத்த அதே கைக்குட்டை. சட்டையில் கறுப்பாக ஈஷிக்கொண்டது. மாஸ்டரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. மின்னலைப் பார்க்கவும்தான். ஆனால் அந்தக் கறை என் கையால் வந்தது.

அந்தம்மாவிடம் போய்ப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையின்மேல் விரலை ஓட்டினார்.

"பதினொண்ணு இல்லையா?"

"இல்லம்மா. ஒண்ணுதான். மூணுன்னு போட்டது என் தப்பு. ஆனா தாள்ல இருக்கறது இவ்வளவுதான்."

டேப்பின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தார். "சொல்லிச் சொல்லி நானே பத்து ஏத்திட்டேன் போல."

மாஸ்டர் சிரித்தபடி வந்தார். "அதனால என்னம்மா, உங்களுக்கு முன்னூத்திப் பதினொண்ணுன்னே போட்டுடறோம்."

"யாரு அந்தப் பத்து பேரு? கூட்டிட்டு வாங்க, பார்க்கறேன்."

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்த ஒண்ணுலதான் தப்பா?"

தெரியாது என்றேன். இதே மாதிரி இன்னும் நாற்பத்தைந்து தாள் இருக்கிறது, இரண்டு பேர் அடித்ததாகப் போட்டிருக்கிறோம், அடித்தது நான் ஒருத்திதான் என்றேன்.

"அப்போ என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் அதுக்குள்ள மூணா கிடக்கறாங்களோ" என்றார்.

நான் உட்கார்ந்து முதல் தாளைத் திறந்து 'சந்தேகம்' அழுத்தினேன். பக்கம் மறைந்து, 'சரிபார்க்கப்படுகிறது' என்று வந்தது. இரண்டாவது. மூன்றாவது.

"ஏய், பைத்தியமா உனக்கு? ரெண்டு பேர் சான்றிதழும் போச்சு" என்றான் மின்னல். என் பெயரைச் சொல்லித்தான் கத்தினான். மாஸ்டர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். டீ வாடை அடித்தது. "இதோட நிறுத்தினா நான் எதையும் பார்க்கலன்னு வச்சுக்கறேன்" என்றார். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

தையற்கடைக்காரம்மாவின் பக்கம் வந்தபோது மட்டும் நின்றேன். "உங்களோடதும் போயிடும்மா. மருமககிட்ட காட்ட ஒண்ணும் இருக்காது."

"மூணுக்கு அது எவ்வளவோ மேல். அழுத்து."

முடித்தபோது முகப்பின் அடியில் நூறு என்பது எழுபத்தேழு ஆகியிருந்தது. மூன்றாவது ஆளாக உட்கார அந்த அறையில் யாரும் கை தூக்கவில்லை. "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார் மாஸ்டர், என்னைப் பார்க்காமல், தம்ளரின் அடியில் ஊறிக்கிடந்த பிஸ்கட்டை விரலால் வழித்தபடி.

வீட்டில் அண்ணி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். "சான்றிதழ் எப்போ வருது?"

"வராது அண்ணி."

"அப்போ ஜெராக்ஸ் கடையே கதியா?" என்றவள், என் தோளைப் பார்த்தாள். "இது என்ன கறை? கழட்டிப் போடு, ஊற வைக்கறேன்."

நானே துவைத்துக்கொள்கிறேன் என்றேன். மூன்று முறை சோப்புப் போட்டும் முழுக்கப் போகவில்லை. பிறகு நோட்டில் தேதி போட்டு, நாற்பத்தாறு என்று எழுதினேன். எழுதியதும், நாற்பத்தைந்தோ என்று தோன்றியது. ஃபோனில் தளத்தைத் திறந்து, 'சரிபார்க்கப்படுகிறது' என்று வந்த பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

நாற்பத்தாறுதான்.