நாலரை மணித் தண்ணீர்

மூன்றாவது குடத்தையும் ஊற்றித் தீர்த்த பிறகு ருஸ்பாய் திரைக்கு வெளியே தலையை நீட்டி, "மண்ணெண்ணெய் இருக்கா?" என்று கேட்டான்.

வீட்டு முற்றத்தில் போட்ட கம்பளிக் கூடாரத்தின் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். திரைக்குப் பின்னால் ஒமுர்சாக்கைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் தம்பியக் குளிப்பாட்ட மண்ணெண்ணெய் எதுக்குடா?" என்றாள் கென்ஜெகான்.

"கையில என்னமோ அப்பியிருக்கு அக்கா. காவி மாதிரி காஞ்சு கெடந்துச்சு. தண்ணி பட்டதும் பச்சையா ஓடுது. தேய்க்கத் தேய்க்க வந்துகிட்டே இருக்கு. முல்லாவே ரெண்டடி தள்ளி நிக்கிறாரு."

பெர்மெத் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். செத்தவரின் ஒரே மகள். தாயும் போய் ஆறு வருஷமாகிறது. காலையில் அப்பாவைக் குதிரையில் குறுக்கே போட்டுக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பெண்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தேய்க்காதீங்க அண்ணே," என்றாள். "அவர் கோட்டுல ஒரு நோட்டு இருக்கும். அத எடுத்துக் குடுங்க."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டே வரி. 'காலை 8.10. டப்பா முழுதும் கொட்டியாயிற்று. நம்ம கால்வாய்க்கு 4.30.'

அதைக் கொட்டிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் மனிதர். ஆடு மேய்க்கப் போன ருஸ்பாய் ஒன்பது மணிக்குப் பார்த்தபோது உட்கார்ந்தபடியே போயிருந்தார். பக்கத்தில் காலிச் சாய டப்பா.

அந்தச் சாயச் சோதனைக்காகத்தான் அவருக்கும் தம்பி தாலாய்பேக்குக்கும் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. தாலாய்பேக் ஊர்த்தலைவர். மேலே மலைப் பனிப்பாறையில் இருக்கிற பெரிய குழிக்குள் கழிவுக் கல்லைக் கொட்டத் தங்கச் சுரங்கக்காரர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். குழிக்கும் ஊருக்கும் நடுவே மலை முதுகு ஒன்று கிடக்கிறது. அந்தக் குழித் தண்ணீர் அந்தப் பக்கம் ஆளில்லாத பள்ளத்தாக்குக்குத்தான் போகும் என்று தலைநகரத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். மே மாதம் சாயம் கொட்டி, இரண்டு நாள் காத்திருந்து, கால்வாயில் ஒன்றும் வரவில்லை என்று எழுதிக்கொண்டும் போனார்கள். தாலாய்பேக் முதல் கையெழுத்தைப் போட்டார். இரண்டாவது கையெழுத்தையும் அவர் போட வேண்டியது வருகிற திங்கட்கிழமை.

ஆற்றில் தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதும் வேலையில் முப்பது வருஷம் இருந்த ஒமுர்சாக்கை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே அவராகச் சொன்னார், டீக்கடையில், மசூதி வாசலில், கல்யாண வீட்டில். "மேல மலை சொல்றத பனிக்கு அடியில இருக்கற தண்ணி கேக்காதுடா. பனி எங்க கனமா அமுக்குதோ அங்கேருந்து லேசான பக்கம் ஓடும். மேடு இருந்தா மேட்டுலயும் ஏறும். மே மாசம் அடியில வழியே இருக்காது, பொந்து பொந்தாத் தேங்கி ஊர்ந்துகிட்டு வரும். ரெண்டு நாள்ல எப்படி வரும்? ஆகஸ்டுல ஊத்து. குழாய் மாதிரி உருகித் தொறந்து கெடக்கும். அன்னிக்கே வரும்."

கேட்டவர்கள் சிரித்தார்கள். பெர்மெத்தும் ஒருமுறை சிரித்திருக்கிறாள்.

மணி இரண்டரை. நோட்டை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கோலூன்றி அழுதுகொண்டிருந்த ஆண்கள் அழுகையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். தகப்பன் கிடக்கும்போது மகள் சுவரை விட்டு எழுந்து வருவது அந்த ஊர் கண்டதில்லை.

"வெயில் ஏறுது. மூணு மணிக்குத் தூக்கிடலாம்," என்று தாலாய்பேக் முல்லாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாலரை வரைக்கும் தூக்கக் கூடாது சித்தப்பா."

"உள்ள போ பெர்மெத். ஜனங்க பாக்கறாங்க."

"அவங்க பாக்கணும்னுதான் சொல்றேன். மூணு மணிக்குத் தூக்குனா இருக்கற ஆம்பள அத்தன பேரும் கல்லறை மேட்டுல நிப்பீங்க. கால்வாய யாரு பாப்பா? நான் பார்த்துச் சொன்னா நம்புவீங்களா?"

விஷயம் புரிந்ததும் அவர் முகம் சிவந்தது. "செத்தும் விட மாட்டேங்கறாரா உங்கப்பா? நானும் அந்தக் கால்வாய் ஓரத்துல ரெண்டு நாள் குந்தியிருந்தேன். தெரியுமா உனக்கு?"

"மே மாசம்."

"மாசத்துக்கு மாசம் மலை இடம் மாறுமா?"

"மலை மாறாது. அடியில வழி மாறும். முப்பது வருஷம் தண்ணி அளந்தவரு சொன்னாரு, நீங்க காதுல வாங்கல."

அவள் கூடார வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "தண்ணிக்காகப் பொணம் காத்துக் கெடக்குமா?" என்று ஒருவர் கேட்டார்.

"அந்தத் தண்ணிக்காகத்தான் மனுஷன் பொணமானாரு. ரெண்டு மணி நேரம் காத்தா ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்டாரு," என்றாள் பெர்மெத்.

"சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் பொறுக்கலாம்," என்றார் முல்லா. மகளின் பிடிவாதத்தைவிட அந்தப் பச்சைக் கைதான் அவரை அதிகம் கலக்கியிருந்தது. "ஆனா தொழுதவுடனே தூக்கிடணும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

குளிப்பாட்டிய தண்ணீரை வழக்கப்படி கூடாரத்துக்குப் பின்னால் குழி வெட்டி ஊற்றினார்கள். அதன் ஒரு சொட்டுக்கூடக் கால்வாய்ப் பக்கம் போகாதபடி பெர்மெத் நின்று பார்த்துக்கொண்டாள். நாளைக்கு எவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்.

நாலரை ஆனது. கால்வாய்த் தண்ணீர் எப்போதும் போலக் கலங்கிய பால் நிறத்தில் ஓடியது. நாலே முக்கால். ஆண்கள் கால்வாயைப் பார்ப்பதை விட்டு, சாவு விருந்துக்கு வெட்டிய குதிரைக் கறி வெந்துவிட்டதா என்று பேச ஆரம்பித்தார்கள். ஐந்து மணிக்குக் கென்ஜெகான் வந்து தோளைத் தொட்டாள்.

"போதும்டி கண்ணு. வா, உள்ள வந்து அழு."

"வரும் அத்தை."

சொன்னாளே தவிர, நோட்டை எடுத்து அந்த இரண்டு வரியை மறுபடி படித்தாள். எட்டுப் பத்து என்று எழுதியது சரிதானா? அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கே போயிருந்தால்? அந்தக் கிழட்டு வீம்புக்காரர் வீணாகச் செத்தாரா? அப்பா மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் வாசலை விட்டு அவள் நகரவில்லை.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு முல்லா தொழுகைக்கு அழைத்தார். ஆண்கள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தொழுகைக்கு முன் கை முகம் கழுவி ஒளு செய்யக் கால்வாய் ஓரத்தில் வரிசையாகக் குந்தினார்கள். தாலாய்பேக் முதல் ஆளாகக் குந்தினார். கைகளைக் கழுவினார். வாய் கொப்பளிக்க இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளியவர், அள்ளியபடியே இருந்துவிட்டார்.

பிறகு மேலே பார்த்தார். வரிசையில் இருந்த நாற்பது பேரும் பார்த்தார்கள். மதகிலிருந்து, அதற்கும் மேலே கல் பாலத்திலிருந்து, அதற்கும் மேலே மலை மடிப்பு வரைக்கும் கால்வாய் பச்சையாக வந்துகொண்டிருந்தது. வெயில் பட்ட இடத்தில் கண் கூசியது.

கைகளிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

தாலாய்பேக் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் நெறந்தானே. ஒளு செஞ்சிடலாம், நேரமாகுது."

"ஆகாது," என்றார் முல்லா. குனிந்து முகர்ந்தார். ஒரு விரலை விட்டு எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "தண்ணி மாறிடுச்சு. மாறுன தண்ணியில ஒளு செல்லாது. எல்லாரும் எந்திரிங்க. வீட்டுலேருந்து கெண்டியில கொண்டாரச் சொல்லுங்க."

முல்லா எந்தக் கட்சியிலும் இல்லை. அவருக்குத் தண்ணீர் விஷயம் தொழுகை விஷயம், அவ்வளவுதான். ஆனால் ஊரே கேட்க அதைச் சொல்லிவிட்டார். தாலாய்பேக் உள்ளங்கைத் தண்ணீரைக் கீழே விட்டார்.

பெர்மெத் நோட்டை எடுத்து 4.30 என்பதற்குப் பக்கத்தில் 5.17 என்று எழுதினாள். நாற்பத்தேழு நிமிஷம் தாமதம். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த நாற்பத்தேழு நிமிஷத்துக்கு ஒரு வாரம் விளக்கம் சொல்லியிருப்பார்.

வீட்டுக்குள் போய்க் கெண்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தாள். வரிசையின் முதல் ஆளுக்கு முன்னால் நின்றாள். மகள் ஊற்றுவதா என்று யாரும் கேட்கவில்லை.

"நீட்டுங்க சித்தப்பா."

அவர் நீட்டினார். இரண்டு கைக்கும் மூன்று முறை ஊற்றினாள். மூன்று முறைதான் வழக்கம். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட வலது கையை மட்டும் நான்காவது முறையும் நீட்டினார்.

அவள் ஊற்றினாள்.